கொடுக்கிற கைக்கு ஸ்டிக்கர் எதற்கு?

பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகளுக்கு இரண்டரை வயது. முன்பெல்லாம் கேட்காமலே பிஸ்கட்டை நீட்டுவாள். கொடுத்தால் நட்சத்திர ஸ்டிக்கர் தருவோம் என்று பழக்கினோம். இப்போது ஸ்டிக்கர் இல்லையென்றால் கையை மூடிக்கொள்கிறாள். ஏன்?"

ராசியையும் தாய்மாமன் கஞ்சத்தனத்தையும் இதில் இழுக்க வேண்டாம். ஒன்றரை வயதுப் பிள்ளையே, முன்பின் தெரியாதவர் தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்கும். வார்னகென், தொமசெல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

2008-இல் அவர்களே இருபது மாதப் பிள்ளைகளிடம் இன்னொரு சோதனை செய்தார்கள். மேசையில் வேலை செய்பவர் ஒரு பொருளைக் கீழே போட்டுவிட்டு, எட்டாமல் கையை நீட்டுவார். எடுத்துக் கொடுத்த சில பிள்ளைகளுக்கு, பெட்டியில் போட்டால் ஓசை எழுப்பும் சின்னக் கட்டை பரிசு. சிலருக்குப் பாராட்டு. சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு பரிசையும் பாராட்டையும் நிறுத்திவிட்டுப் பார்த்தால், கட்டை வாங்கிய பிள்ளைகளின் உதவிதான் வெகுவாகக் குறைந்தது. ஒன்றுமே வாங்காதவர்கள் உற்சாகமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பரிசு வந்ததும் பிள்ளையின் கண் எதிரே நீண்ட கையை விட்டுக் கட்டைக்குத் தாவிவிடுகிறது. உங்கள் வீட்டு ஸ்டிக்கரும் அந்தக் கட்டைதான். பாலர் பள்ளிச் சுவரில் பல் துலக்கலுக்கு நட்சத்திரம் ஒட்டட்டும். பகிர்தலுக்கு ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

சரி, மாற்று என்ன? செர்ன்யாக், குஷ்னிர் என்ற ஆய்வாளர்கள் 2013-இல் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோகமான பொம்மைக்குத் தன் ஸ்டிக்கரைக் கொடுப்பதா, தானே வைத்துக்கொள்வதா என்று பிள்ளையையே முடிவு செய்யவிட்டார்கள். அப்படிக் கொடுத்த பிள்ளைகள், அடுத்து வந்த பொம்மைக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். 'கொடுத்தே ஆகவேண்டும்' என்று சொல்லப்பட்டவர்களிடம் அந்தத் தாராளம் இல்லை. தானாக விட்டுக்கொடுத்த பிள்ளை, 'கொடுக்க எனக்குப் பிடிக்கும்' என்று தன்னைப் பற்றியே தெரிந்துகொள்கிறது. விட்டுக்கொடுத்தது தனக்கு வேண்டிய பொருளாக இருக்க வேண்டும். வேண்டாத பொருளைக் கொடுத்து இதைக் கற்க முடியாது.

வீட்டில் செய்யும் விதம்: வயிறு நிறைந்த நேரமாகப் பார்த்து, தட்டில் நான்கு பிஸ்கட் வையுங்கள். "அண்ணனுக்கு ஒன்று கொடுக்கிறாயா, நீயே வைத்துக்கொள்கிறாயா?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் பத்து வினாடி சும்மா இருங்கள். 'மாட்டேன்' என்றால் சரி என்று விடுங்கள். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: "நல்ல பிள்ளைதானே" என்று கெஞ்சி, கடைசியில் பிடுங்கிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு அது கேள்வியே இல்லை, கட்டளை. கொடுத்தால் 'கெட்டிக்காரி' வேண்டாம். "பார், அண்ணன் முகத்தை" போதும்.

மூன்று, நான்கு வயதில் கை இறுகினால் பதறாதீர்கள். சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில் அந்த வயதினர் பெரும்பாலும் தனக்கே வைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு வயதினர் சமமாகப் பங்கிட்டார்கள். அதுவரை சேர்ந்து செய்யும் வேலை கைகொடுக்கும். இருவர் சேர்ந்து கயிறிழுத்துப் பெற்ற கோலிகளை மூன்று வயதுப் பிள்ளைகளே சமமாகப் பிரித்ததை 2011-இல் பார்த்திருக்கிறார்கள். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் பிள்ளைகளை இரண்டிரண்டாக நிறுத்தலாம்: ஒன்று குவளையை அடுக்க, மற்றது நீட்ட. சிராப் தண்ணீரைப் பாதிக் குவளைதான் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் சட்டையில்தான்.