டொர்னாடோ: சூறாவளியா, சுழல்காற்றா?

அமெரிக்காவில் டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரைவரை சுழன்று இறங்கும் காற்றுத்தூண், வீடுகளைப் பெயர்த்தெறிந்த செய்தியைத் தமிழில் எழுதும்போது கை தானாகவே 'சூறாவளி' என்று எழுதிவிடுகிறது. சென்னை வானிலை அறிக்கையோ, மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொல்லும் மணிக்கு 45, 55 கி.மீ. காற்றைச் 'சூறாவளிக்காற்று' என்கிறது. இலங்கைத் தமிழில் சூறாவளி என்றால் வங்கக் கடலில் உருவாகி நாள்கணக்கில் நகர்ந்து வரும் புயல். ஒரு சொல்லின் தலையில் மூன்று காற்றை ஏற்றிவிட்டோம். சிங்கப்பூரில் இருப்பவர்கள் இந்த மூன்று வழக்கையும் படிப்பவர்கள் என்பதால் குழப்பமும் மும்மடங்கு.

டொர்னாடோ என்ற சொல்லுக்கும் பூர்வத்தில் இதே குழப்பம்தான். ஸ்பானிய மொழியில் 'டிரொனாடா' என்றால் இடிமழை. 'டிரொனார்', இடி முழங்குதல். 16ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் பகுதியில் ஓடிய ஆங்கிலக் கப்பலோர் அதைத் தம் நாக்குக்கேற்பத் திருப்பிக்கொண்டார்கள். தசை சதையானது போல எழுத்து இடம் மாறியது. 'திரும்பு' என்ற பொருளுடைய 'டொர்னார்' என்ற இன்னொரு ஸ்பானியச் சொல்லும் வந்து ஒட்டிக்கொண்டது. அன்று கப்பலோர் அந்தப் பெயரால் சொன்னது சுழலும் தூணை அன்று. மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் இடி மின்னலோடு வரிசையாக வந்து பாய்மரத்தைச் சாய்த்துவிட்டுப் போகும் திடீர்க் காற்றைத்தான். சுழலும் தூண் என்ற பொருள் பிறகே நிலைத்தது.

அந்தப் பழைய டொர்னாடோவை நாம் நன்றாக அறிவோம். மலாக்கா நீரிணையில் ஓடிய கப்பலோர் அதற்கு வைத்த பெயர் 'சுமத்ரா'. சுமத்ரா தீவின் மேலோ நீரிணையின் மேலோ இரவில் இடிமேகங்கள் திரண்டு, ஒரே வரிசையாகி, கிழக்கே நகர்ந்து, விடியுமுன்னோ காலையிலோ சிங்கப்பூரைத் தாண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதிகம். காற்று வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கி.மீ.; மழை ஒன்றிரண்டு மணி நேரம். எல்லாம் விடியற்காலையில்தான் என்று நம்பவும் முடியாது: 2024 செப்டம்பர் 17 அன்று அது மாலையில் வந்து தீவெங்கும் மரங்களைச் சாய்த்தது.

இப்படிப்பட்ட காற்றுக்கு ஆங்கிலச் சொல் 'ஸ்குவால்'. உலக வானிலை அமைப்பு அதற்கு அளவு வைத்திருக்கிறது: காற்றின் வேகம் திடீரென நொடிக்கு 8 மீட்டராவது கூடி, 11 மீட்டரைத் தொட்டு, குறைந்தது ஒரு நிமிடம் நிற்கவேண்டும். நொடிக்கு 11 மீட்டர் என்பது மணிக்கு ஏறக்குறைய 40 கி.மீ. சில நொடி அடித்து ஓய்ந்தால் அது வெறும் வீச்சு.

தமிழில் இதற்குச் 'சூறைக்காற்று' என்பதே பொருத்தம். சூறை என்றால் கொள்ளை. சிதறடித்தலும் அதில் உண்டு. தைப்பூசத்தில் வீதியில் உடைக்கும் சூறைத்தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அகராதி சூறைக்குச் சுழல்காற்று என்றும் பொருள் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பேச்சில் சுழற்சியைவிட வாரியிறைப்பதே முன்னால் நிற்கிறது. சூறையோடு வளி சேர்ந்த 'சூறாவளி'யை டொர்னாடோவுக்கு ஒதுக்கினால் சென்னை அறிக்கையோடு மோதும், புயலுக்கு ஒதுக்கினால் தமிழ்நாட்டு வழக்கோடு மோதும். செய்தி எழுதுபவர் அதைத் தொடாமலிருப்பதே மேல். புயலுக்குப் 'புயல்' இருக்கிறது. டொர்னாடோவுக்குச் 'சுழல்காற்று' போதும்.

வேகத்தை வைத்துப் பெயர் சூட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. 1984 ஏப்ரல் 25 அன்று சிங்கப்பூரின் தெங்காவில் பதிவான வீச்சு மணிக்கு 144.4 கி.மீ. டொர்னாடோக்களைத் தரம் பிரிக்கும் மேம்பட்ட ஃபுஜிடா அளவில், அதாவது 'இஎஃப்' அளவில், முதல் படியே ஏறக்குறைய 105 கி.மீ.யில் தொடங்குகிறது, 144 இரண்டாம் படியில் விழும். ஆனாலும் தெங்காவில் அடித்தது சுழல்காற்றாகிவிடாது. காற்றுத்தூண் சுழலவேண்டும், மேலே மேகத்தோடும் கீழே தரையோடும் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். ஊர்ப்புறத்தில் வெயில் நேரத்தில் புழுதியையும் சருகையும் கிளப்பும் சுழிக்காற்று சுழல்கிறதே என்றால், அதற்கு மேலே மேகம் இல்லை.

இனி, கண்காணிப்பு. சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் பொதுமக்களுக்குக் காட்டும் ரேடார் படங்கள் 50, 240, 480 கி.மீ. வட்டங்களில் கிடைக்கின்றன. சுமத்ராவைப் பின்தொடர 240 கி.மீ. வட்டம் சரி. 50 கி.மீ. படத்தில் அது தெரியும்போது ஒரு மணி நேரம்கூட மிச்சமிராது. 480இல் பார்த்தால் வரிசையின் உள்விவரம் கரைந்துவிடும்.

கணக்கு எளிது. விடியற்காலை 4 மணிப் படத்தில் சிவப்பு வரிசையின் முன்விளிம்பு மேற்கே 130 கி.மீ.யில் இருக்கிறது, 4.30 படத்தில் 105இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணியில் 25 கி.மீ., எனவே வேகம் மணிக்கு 50. மீதி 105 கி.மீ.யைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், 6.35 வாக்கில் மழை. தூரத்தை வரிசைக்குச் செங்குத்தாக அளக்கவேண்டும். வரிசை நீளும் திசையில் அளந்தால் விடை கெட்டுவிடும். மூன்றாவது படம் வந்ததும் மறுபடி கணக்குப் போடவேண்டும், ஏனென்றால் இந்த வரிசைகள் வேகத்தை மாற்றிக்கொள்ளும், சில நீரிணையிலேயே ஓய்ந்தும் போகும்.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடங்கள் உண்டு. படத்தின் மேல் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். கைப்பேசி மணி 4.40 காட்டும்போது திரையில் இருப்பது 4.30 படமாக இருக்கலாம். அடுத்து, கணக்கில் வந்த 6.35 மழைக்கு, காற்றுக்கு அன்று. இடிமேகத்திலிருந்து கொட்டும் மழை காற்றைக் குளிரவைத்துக் கீழே தள்ளுகிறது, அந்தக் குளிர்காற்று தரையில் பரந்து மழையை முந்திக்கொண்டு ஓடுகிறது. புழுக்கம் சட்டென்று அறுந்து, மேற்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று அடித்தால் மழைக்குச் சில நிமிடங்களே. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் துணியை அப்போது எடுக்கப்போனால் கழியோடு போகும். மழை தொடங்கட்டும் என்று காத்திருக்கும் கடைக்காரரின் குடைக்கும் அதே கதிதான்.

இன்னொரு சங்கதி, ரேடார் கதிர் நேராகப் போகும், பூமி வளைந்துபோகும். அரைப் பாகை உயர்த்தி அனுப்பிய கதிர் 200 கி.மீ. தொலைவில் தரைக்கு மேல் 4 கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பது படத்தில் வராது. தொலைவில் மெலிந்து தெரிந்த வரிசை கிட்ட வர வர 'வலுத்தது' போலத் தோன்ற இதுவும் ஒரு காரணம். வரிசை வில்லாக வளைந்து நடுப்பகுதி முன்னே துருத்தினால் அந்தத் துருத்தலின் நேர் எதிரே இருப்பவர்களுக்கே பலத்த அடி. தீவின் மேற்குக்கோடியான துவாஸில் அடித்தது கிழக்குக்கோடியான சாங்கிக்கு வந்துசேர முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

சுழல்காற்றைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. 1953 ஏப்ரல் 9 அன்று அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், ரேடார் படத்தில் மழைப்பகுதியின் ஓரம் கொக்கியாக வளைந்தது முதன்முதலில் பதிவானது. மேகத்துக்குள் சுழலும் காற்று மழையைத் தன்னைச் சுற்றி இழுத்ததால் வந்த கொக்கி அது. இன்று டாப்ளர் ரேடார், மழைத்துளி தன்னை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்றும் அளக்கிறது. வரும் நிறமும் விலகும் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நின்றால் அங்கே சுழற்சி. நம் கைப்பேசியில் வரும் படம் மழையின் வலுவை மட்டும் காட்டுவது. அதில் சுழல்காற்றைத் தேடிப் பயனில்லை.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கே தடை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. மக்கள் பீதியடைவார்கள் என்று 1880களில் முன்னறிவிப்புகளில் 'டொர்னாடோ' என்று எழுதுவதை நிறுத்தினார்கள். 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானத் தளத்தில் இரண்டு இராணுவ வானிலையாளர்கள் டொர்னாடோவைச் சரியாக முன்கூட்டிச் சொன்னார்கள். 1950இல் தடை முழுதாக நீங்கியது. நம் இளைஞர்களுக்குத் தேசிய சேவையில் 'கேட் ஒன்' என்ற இரண்டு சொல் காதில் விழுந்தாலே போதும், மின்னல் அபாயம் என்று உடனே கூரைக்குக் கீழ் போய்விடுவார்கள். அங்கே பீதி வரும் என்று ஒரு சொல்லுக்கு மறுத்த வேலையை இங்கே ஒரு சுருக்கப்பெயர் செய்துகொண்டிருக்கிறது.

மலாய்க்காரர்கள் சுழல்காற்றைப் 'பூத்திங் பெலியோங்' என்பார்கள். பெலியோங் என்பது தச்சர் வாய்ச்சி. பூத்திங் அதன் இரும்பில் கைப்பிடியோடு பொருந்தும் கூர்ந்த முனை. மேகத்திலிருந்து கூம்பி இறங்குவதைப் பார்த்தவர் வைத்த பெயர், 'சுழல்காற்று' என்பதைவிடக் கண்ணுக்கு நெருக்கம்.

சிங்கப்பூரில் அந்த உருவம் தெரிவது பெரும்பாலும் கடல்மேல்தான். செய்தித் தலைப்பில் அதையும் 'சூறாவளி' ஆக்கிவிடுகிறார்கள். 'நீர்த்தூண்' என்று சொல்லலாம், ஒரு திருத்தத்தோடு: அந்தத் தூண் மேலே உறிஞ்சப்பட்ட கடல்நீர் அன்று, ஈரக்காற்று குளிர்ந்து உண்டான மேகத்துளிதான். அடியில் மட்டும் கடல்நீர் தெறிக்கும். சில நிமிடம் நிற்கும், அரை மணியைத் தொடுவது அரிது, கரையேறினால் தளர்ந்துவிடும். இதன் அகலம் பெரும்பாலும் சில பத்து மீட்டர், 50 கி.மீ. தொலைவில் ரேடார் கதிரின் அகலம் ஏறக்குறைய ஒரு கி.மீ. ஆகவே இதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ரேடார் அன்று, ஈஸ்ட் கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பவர்.