பழைய காருக்கு கரண்ட் ஃபேன் போடப் போறீங்களா, மொதல்ல வயரப் பாருங்க

ஹட்டன் பக்கம் வாகன வயரிங் வேலை செய்றேன், இப்ப கொஞ்ச காலமா கராஜுக்கு வர்ற பழைய கார்கள்ல ஒரே மாதிரி ஒரு விஷயத்த அடிக்கடி பாக்குறதால இத எழுதணும்னு தோணிச்சு. 2020ல இலங்கைக்கு வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்குப் பொறகு பழைய சன்னி, கொரோலா, லான்சர், ஏன் மொரிஸ் மைனர் வரைக்கும் திரும்ப ரோட்டுக்கு வந்துச்சு, 2025ல திரும்பத் தொறந்து விட்டாலும் இருக்குற வெலைக்கு நம்ம சனம் புதுசா வாங்க ஏலாதுதானே, அதனால இருக்குறத வச்சு ஓட்டுறாங்க. இந்தக் கார்கள்ல ரேடியேட்டரக் குளிராக்க, வோட்டர் பம்போட சேந்து பெல்ட்ல சுத்துற ஃபேன்தான் இருக்கும். கினிகத்தேனை ஏத்தத்துல, ரம்பொடை வளைவுகள்ல ஒரு லொறிக்குப் பின்னால ரெண்டாவது கியர்ல ஊர்ந்து போகும்போது எஞ்சின் முழு லோட்ல இழுக்கும், ஆனா முன்னால இருந்து காத்து வராது, பெல்ட் ஃபேனும் எஞ்சின் ஸ்பீடுக்குத்தான் சுத்தும், சூடு காட்டுற மீட்டர் ஊசி செவப்புக்குப் போயிரும். அதுக்குத்தான் கொழும்புல பழைய வாகன சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைல இருந்து, வேற கார்ல கழட்டின, பெட்டரி கரண்ட்ல சுத்துற ஃபேன் ஒண்ண வாங்கிட்டு வந்து மாட்டுறாங்க.

மாட்டுறது தப்பே இல்ல. சரியா மாட்டினா நல்ல வேலை, காலைல நுவரெலியா குளிர்ல எஞ்சின் சீக்கிரம் சூடாகும், ஏத்தத்துல எஞ்சினுக்கு இழுவையும் கொஞ்சம் மிச்சமாகும். பிரச்சினை என்னன்னா ஃபேனுக்கு சல்லி செலவழிக்கிற ஆக்கள் வயருக்கும், ரிலேக்கும் (சின்னக் கரண்டால பெரிய கரண்ட ஓன், ஓஃப் பண்ற சுவிட்ச்), பியூஸுக்கும் செலவழிக்க மாட்டேங்கிறாங்க. மூணையும் சேத்தாலும் ஃபேன் வெலைல ஒரு சின்னப் பங்குதான் வரும், ஆனா கார் எரியுறதுன்னா அந்த எடத்துலதான் எரியும்.

ஒரு தோட்டத்துல வேல செஞ்சு ரிட்டயர் ஆன கிளாக்கர் ஐயாவோட சன்னி ஒண்ணு கயித்துல கட்டி இழுத்து வந்துச்சு. டேஷ்போர்டுக்குக் கீழ மெயின் வயர் கட்டு முழுசும் ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டியிருந்துச்சு. யாரோ ஒருத்தர் இக்னிஷன் சுவிட்ச் வயர்ல இருந்தே நேரா ஃபேனுக்கு லைன் எடுத்திருக்காரு, ரிலே இல்ல, பியூஸ் இல்ல, வீட்டு பல்புக்கு இழுக்குற மெல்லிசு வயர். ஐயா சொன்னாரு, "தம்பி, ஃபேன் நல்லாத்தான் சுத்திச்சு, ஒரு மாசமா ஒரு கொறையும் இல்ல." எனக்குப் பயம் அந்த ஒரு மாசத்துலதான். ஃபேன் சுத்துதேன்னு நம்பி பிள்ளைகளையும் ஏத்திக்கிட்டு கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு போயிட்டு வந்திருக்காரு, கால் வைக்கிற எடத்துக்கு மேல வயர் மெல்ல மெல்ல வெந்துக்கிட்டு இருந்திருக்கு.

கணக்க ஒருக்கா பாருங்க. ஒரு சாதாரண கார் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது 8ல இருந்து 15 ஆம்பியர் வரை இழுக்கும், பெரிய ஃபேன்னா 20, ஸ்டார்ட் ஆகுற அந்த நொடில அதப் போல ரெண்டு மூணு மடங்கு. 15 ஆம்பியர 1 சதுர எம்எம் வயர்ல போக வர மொத்தம் 4 மீட்டர் ஓட்டினீங்கன்னா வயர்லயே கிட்டத்தட்ட 1 வோல்ட் போயிரும், அதாவது 15 வாட்ஸுக்கு மேல வெறும் சூடாகி அந்த பிளாஸ்டிக்குக்குள்ளேயே நிக்கும். அதே தூரத்துக்கு 2.5 வயர் போட்டா 0.4 வோல்ட்தான். ஓடுற வரைக்கும் இவ்வளவுதான், ஆனா ஃபேன்ல ஒரு குச்சி மாட்டி நின்னுருச்சுன்னு வைங்க, மோட்டர் சுத்தாம கரண்ட மட்டும் பல மடங்கு இழுக்கும், அப்ப பியூஸ் இல்லாட்டி வயர்தான் பியூஸ். பியூஸ் இருக்குறது மோட்டரக் காப்பாத்த இல்ல, வயரக் காப்பாத்த, அதனால பியூஸ் பெட்டரி பொசிட்டிவ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். ஃபேன் பக்கத்துல போட்டா நடுவுல இருக்குற வயருக்கு யாரு காவல்? போன பியூஸுக்கு சிகரெட் பேப்பர் சுத்துறது, ஒரு செப்பு இழைய வச்சுக் கட்டுறது எல்லாம் தயவுசெஞ்சு வேணாம்.

இக்னிஷன் லைன்ல நேரா குடுத்தா இன்னொரு கூத்தும் நடக்கும், சாவிய எடுத்த பொறகும் எஞ்சின் ரெண்டு மூணு நொடி ஓடும். காபுரேட்டர்ல கோளாறுன்னு நெனச்சு அதக் கழட்டுவாங்க. உண்மைல சுத்திக்கிட்டு இருக்குற ஃபேன் மோட்டர் அந்த நேரம் டைனமோ மாதிரி கரண்ட உண்டாக்கி இக்னிஷன் கொயிலுக்குத் திருப்பி அனுப்புது. ரிலே போட்டா இது நின்னுரும்.

ரிலே வயரிங் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ரிலே கால்கள்ல 30, 85, 86, 87ன்னு நம்பர் இருக்கும். பெட்டரில இருந்து பியூஸ் வழியா 30க்கு, 87ல இருந்து ஃபேனுக்கு, இந்த ரெண்டும் தடிச்ச வயர். 86க்கு இக்னிஷன்ல இருந்து ஒரு மெல்லிசு வயர், 85ல இருந்து டெம்பரேச்சர் சுவிட்ச் (தண்ணி சூடானா கனெக்ட் ஆகுறது) வழியா பொடிக்கு எர்த். 86க்கு சாவி போட்டா மட்டும் வர்ற கரண்டையே குடுங்க. பெட்டரில இருந்து நேரா குடுத்தா எஞ்சின் நிப்பாட்டி பொனட்டத் தொறந்து கைய வைக்கிற நேரம் பாத்து ஃபேன் தானா சுத்தத் தொடங்கும், விரல் போன ஆக்கள் இருக்காங்க.

டெம்பரேச்சர் சுவிட்ச் விஷயம்தான் மலைல இருக்குற நாம தனியாப் பாக்க வேண்டியது. பழைய சாமான் வாங்கினா அத கொதிக்கிற தண்ணில போட்டு மீட்டர் வச்சுப் பாக்குறது எல்லாரும் செய்ற வேலை, கொழும்புல அது சரிவரும். ஆனா நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் உயரம், அங்க தொறந்த கேத்தல்ல தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், எவ்வளவு எரிச்சாலும் அதுக்கு மேல ஏறாது, ஹட்டன்ல 96 கிட்ட. 95ல வேல செய்ற சுவிட்ச் நுவரெலியா கேத்தல்ல சாகும் வரைக்கும் வேல செய்யாது, நல்ல சுவிட்ச பழுதுன்னு வீசிட்டு மெனுவல் சுவிட்ச் வச்சுக்கிறாங்க, பொறகு ஒரு நாள் ஏத்தத்துல போட மறந்து ஹெட் கேஸ்கெட் போகுது. கூலண்ட் பாதி தண்ணி பாதி கலந்து, சமைக்காத ஒரு பழைய டின்ல, வெளில வச்சு சூடாக்கி தெர்மோமீட்டரோட பாருங்க, அது நூறு டிகிரியத் தாண்டும். பிள்ளைகள், நாய் பூனை கிட்ட வராமப் பாத்துக்கோங்க, கூலண்ட் விஷம்.

ரேடியேட்டர் மூடியும் இதோட சேந்ததுதான். 13 பிஎஸ்ஐ (மூடி தாங்குற அழுத்தம்) மூடி நல்ல நெலைல இருந்தா நுவரெலியாலயும் 115 டிகிரி வரை கொதிக்காது. 4 பிஎஸ்ஐ மூடி போட்ட பழைய இங்கிலீஷ் காருன்னா 101, 102லயே கொதிக்கத் தொடங்கிரும், அப்ப 100ல ஓன் ஆகுற சுவிட்ச் போட்டா ஃபேன் வர்றதுக்கும் தண்ணி பொங்குறதுக்கும் எடைவெளியே இல்ல. கூடின அழுத்தம் தாங்குற மூடியா மட்டும் மாத்தவும் வேணாம், பழைய ரேடியேட்டர் ஜொயின்ட் தாங்காது. எஞ்சின் தண்ணிய ரேடியேட்டருக்குத் தொறந்து விடுற தெர்மோஸ்டாட் 82 டிகிரின்னா 90 கிட்ட ஓன் ஆகி 85 கிட்ட ஓஃப் ஆகுற சுவிட்ச் தேடுங்க. ஓஃப் ஆகுற அளவு தெர்மோஸ்டாட்டுக்குக் கீழ இருந்தா ஃபேன் நிக்கவே நிக்காது.

பழைய டொயோட்டால கழட்டின சுவிட்ச்கள்ல நெறைய தலகீழ், குளிர்ல கனெக்ட் ஆகியிருக்கும், சூடானா தொறக்கும். வயர் அறுந்தா ஃபேன் சும்மா ஓடட்டும்னு கம்பெனி யோசிச்சு செஞ்சது, நல்ல யோசனைதான், ஆனா நான் மேல சொன்ன வயரிங்ல அதப் போட்டா குளிர்ல சுத்தி சூட்டுல நிக்கும். அதுக்கு ரெண்டு ரிலே வேணும், கரைச்சல் வேணாம்னா சாதாரண சுவிட்ச் வாங்குங்க.

ஃபேன் வாங்கும்போது பிளாஸ்டிக் கூட்டோடயும், பிளக்கோட ஒரு சாண் வயரோடயும் வாங்குங்க. கூடு இல்லாட்டி ஃபேன் வட்டத்துக்குள்ள மட்டும்தான் காத்து இழுக்கும், மூலைகள் சூடாவே கெடக்கும். கடையிலயே பெட்டரி குடுத்து கால் மணித்தியாலம் ஓட விட்டு கிளாம்ப் மீட்டர் வச்சு ஆம்பியரப் பாருங்க, ஷாஃப்ட ஆட்டிப் பாருங்க. எஞ்சின் பக்கம் இருந்து இழுக்குற ஃபேன முன்பக்கம் வச்சு வயர மாத்திக் குடுத்தா தள்ளும்தான், ஆனா எலையோட வளைவு எதிர்ப்பக்கம் இருக்குறதால காத்து கொறையும். ரேடியேட்டரோட மெல்லிசு தகடுகளுக்கு ஊடால பிளாஸ்டிக் டை குத்திக் கட்டுறத நானே பல தடவ வெட்டி எடுத்திருக்கேன், குலுக்கல்ல டியூப் தேஞ்சு ஒழுகும், ரெண்டு இரும்புப் பட்டி அடிச்சு பொடிலயே பிடிங்க.

மொரிஸ், ஒஸ்டின் வச்சிருக்குறவங்களுக்கு ஒண்ணு. 60கள்ல வந்த நெறைய இங்கிலீஷ் கார் பொசிட்டிவ் எர்த், அதாவது பெட்டரி பொசிட்டிவ்தான் பொடில பிடிச்சிருக்கும், அதுல ஃபேன் வயர வழக்கம் போல குடுத்தா மறுபக்கம் சுத்தும். அதவிட முக்கியம் டைனமோ, லூகாஸ் சி40 குடுக்குறதே 22 ஆம்பியர்தான், மூடுபனில ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் எல்லாம் சேந்து 14, 15 எடுத்துரும், மிச்சத்துல 12 ஆம்பியர் ஃபேன் எப்படி ஓடும்? ஓல்டர்நேட்டர் மாத்தாம அந்தக் காருக்கு நான் கரண்ட் ஃபேன் போட்டுக் குடுக்குறதில்ல, கேட்டு வர்றவங்க மனசு சங்கடப்பட்டாலும் பரவால்ல.

எர்த்த பெயின்ட் மேல பிடிக்காதீங்க, சொரண்டி பளபளன்னு ஆக்கி நட் போட்டு மேல கிரீஸ் பூசுங்க, நம்ம பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் பெய்ற மழைக்கு ஒரு சீசன்லயே பச்சை பிடிச்சிரும். ரிலேய கால் கீழ பாக்குற மாதிரி, உயரமா வைங்க. முறுக்கி டேப் சுத்தின ஜொயின்ட் சூட்டுக்குப் பசை விட்டுரும், கிரிம்ப் பண்ணி ஷ்ரிங்க் டியூப் போடுங்க, தகட்டுல ஓட்டை வழியாப் போற எடத்துல ரப்பர் வளையம் கட்டாயம்.

எல்லாம் முடிஞ்ச பொறகு உடனே நானுஓயா ஏத்தத்துக்குக் கொண்டு போகாதீங்க. கராஜ்லயே ஸ்டார்ட் பண்ணி விட்டு ஃபேன் தானா வந்து தானா நிக்கிறத ரெண்டு தடவ பாருங்க, ஓடும்போது வயர முழு நீளத்துக்கும் கையால தடவிப் பாருங்க, சூடு தெரியக் கூடாது. ஃபேன் பிளக்குலயும் பெட்டரிலயும் மீட்டர் வச்சு ரெண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல இருந்தா, எர்த்ல இருந்து தொடங்கி ஒவ்வொரு ஜொயின்டா திரும்பக் கழட்டிப் பாருங்க.