ஆய்வுக் கட்டுரையை நடுவிலிருந்து படியுங்கள்

உளவியல் மாணவர்கள் பலர் ஆய்வுக் கட்டுரையைக் கதைப் புத்தகம் போல முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள். முன்னுரையில் அடுக்கடுக்காக வரும் பழைய ஆய்வுகளிலேயே களைத்துப்போகிறார்கள். சுருக்கத்தைப் படித்ததும் நேராக ஆய்வுமுறைப் பகுதிக்குத் தாவிவிடலாம். யாரை வைத்து, என்ன செய்து, எதை அளந்தார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது.

உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகங்களில் அடிக்கடி வருவதுதான். மூலம் வெறும் ஐந்து பக்கம். 45 மாணவர்களுக்குக் கார் விபத்துகளைக் காட்டும் ஏழு சிறு திரைப்படத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, வண்டிகள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல் மட்டும் மாறியது. கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் சராசரிப் பதில் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். 'தொட்டபோது' என்றால் 32-க்குச் சற்றுக் கீழே. இங்கே பென்சிலை எடுத்து வகுத்துப் பாருங்கள்: ஐந்து வினைச்சொற்கள், சொல்லுக்கு ஒன்பதே பேர்.

சரி, நினைவே மாறிவிட்டதா, இல்லை தெரியாத வேகத்தைச் சொல்லைப் பார்த்து ஊகித்தார்களா? இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்தால் நன்றாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். அவர்களுக்கும் வந்தது, அதற்காகவே இரண்டாம் சோதனை. 150 பேர், குழுவுக்கு 50 பேராக மூன்று குழுக்கள். விபத்துப் படத்தைக் காட்டி, இரண்டு குழுக்களிடம் மட்டும் வேகத்தைக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் அப்படி எதுவும் கிடையாது. 'நொறுங்க' கேட்டவர்கள் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். 'இடித்தபோது' கேட்டவர்களில் 7 பேர். வேகம் பற்றியே கேட்கப்படாதவர்களில் 6 பேர்.

இந்த வித்தியாசத்தின் பி மதிப்பு 0.025-க்கும் குறைவு. வினைச்சொல்லால் எந்த விளைவும் இல்லை என்றே வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசமோ இன்னும் பெரியதோ தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு அவ்வளவுதான் என்று பொருள். முடிவு 97.5 சதவீதம் உண்மை என்று இதைப் படிப்பது மாணவர்கள் மட்டும் செய்கிற தவறல்ல. விளைவு எவ்வளவு பெரியது என்பதையும் பி மதிப்பு சொல்லாது. அதற்கு எண்களைத்தான் பார்க்க வேண்டும்: 'நொறுங்க' என்று கேட்ட பிறகும் 34 பேர் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றே சொன்னார்கள். பாடப்புத்தகச் சுருக்கங்களில் இந்த 34 பேர் பெரும்பாலும் காணாமல் போய்விடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த அப்புறம் விவாதப் பகுதிக்குப் போங்கள். பார்த்த காட்சியும் பின்னால் கிடைத்த தகவலும் கலந்து ஒரே நினைவாகிவிடுகின்றன என்பது ஆசிரியர்களின் விளக்கம். நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திரையில் விபத்தைப் பார்த்த மாணவர்களை வைத்து, நடுரோட்டில் நிஜ விபத்தைப் பார்த்தவரின் சாட்சியத்தை எவ்வளவு தூரம் எடைபோடலாம் என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிவையுங்கள். முன்னுரையை அதற்குப் பிறகு படித்தால் போதும்.