இடுப்பு மூட்டில் தேய்வது டைட்டானியம் அல்ல

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், வயது 61. 2007-ல் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இடது இடுப்பு மூட்டை மாற்றியிருக்கிறார். அதன் பிறகு வலி இல்லை, மலைச்சரிவில் மரம் மரமாக ஏறி இறங்கி வேலை செய்திருக்கிறார், அதனாலேயே ஒரு தடவைகூட எக்ஸ்ரே எடுக்கவில்லை. இப்போது கால் குட்டையாகி நொண்டிக்கொண்டு வருகிறார். எக்ஸ்ரேயில் செயற்கை மூட்டின் பந்து அதன் கிண்ணத்தின் நடுவில் இல்லாமல் மேலே ஒதுங்கிக் கிடக்கிறது, கிண்ணத்துக்குப் பின்னால் உள்ள எலும்பு கரையான் அரித்த உத்திரம் மாதிரி இருக்கிறது.

"டைட்டானியம்தானே டாக்டரே வச்சாங்க, அது எப்படித் தேயும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைக்கிறேன். தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டும் இடுப்பில் பதியும் கிண்ணமும்தான் பெரும்பாலும் டைட்டானியம். எலும்பு அதன்மேல் ஒட்டி வளரும், அதற்காகத்தான் அதை வைக்கிறோம். உரசுகிற இடத்தில் அதற்கு வேலையே இல்லை. டைட்டானியத்தில் சீக்கிரம் கீறல் விழும், ஒரு காலத்தில் அதிலேயே பந்து செய்து பார்த்துக் கைவிட்டார்கள். கதவு தேக்கா பலாவா என்று விசாரிக்கிறீர்கள், கீலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இடுப்பு மூட்டின் கீல், பந்தும் அது உரசும் லைனரும்தான், அதாவது கிண்ணத்தின் உள்பக்கம் வைக்கும் உறை. சாதாரணமாக நடமாடும் ஒருவர் வருஷத்துக்குப் பத்து லட்சம் அடியாவது வைக்கிறார், அத்தனை அடியும் அங்கேதான் விழுகிறது.

அந்த லைனர் பெரும்பாலும் பாலிஎதிலீன் என்கிற ஒருவகை பிளாஸ்டிக். 1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி உலோகப் பந்துக்கு அதை ஜோடி சேர்த்தார், அதற்கு முன் அவர் வைத்துப் பார்த்த டெஃப்லான் சில வருஷங்களிலேயே தேய்ந்துபோனது. பழைய ரகப் பாலிஎதிலீன் வருஷத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் அந்தத் தூளை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்துச் சண்டை போடும், அந்தச் சண்டையில் அரிக்கப்படுவது உங்கள் எலும்பு. அதற்கு வலியே இருக்காது, வலி வரும்போது எலும்பு போயிருக்கும்.

1990-களின் கடைசியில் வந்த குறுக்குப் பிணைப்புப் பாலிஎதிலீன் மிகக் குறைவாகத்தான் தேய்கிறது. இளவயதில் மூட்டு மாற்ற வேண்டி வந்தால், (குடியாலும் ஸ்டீராய்டாலும் பந்தெலும்பு செத்துப்போய் வரும் 35 வயதுக்காரர்கள் இங்கே நிறைய) அதோடு செராமிக் பந்து நல்ல ஜோடி. எழுபது தாண்டிய அம்மாவுக்கு உலோகப் பந்தே போதும். செராமிக் வைக்க வேண்டும் என்று தயவுசெய்து நகையை அடகு வைக்காதீர்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் ரகம்தான் பெரிய சிக்கல். ஏஎஸ்ஆர் என்ற அந்த வகை மூட்டு 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அது உள்ளே இருப்பவர்களுக்கு ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்க்க வேண்டும்.

உங்களுக்குள் இருப்பது எந்த ரகம் என்று தெரியுமா? ஆபரேஷன் குறிப்பில் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும், கம்பெனி, பொருள், பந்தின் அளவு, லாட் எண் எல்லாம் அதில் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் விடாதீர்கள். போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். வலி இல்லாவிட்டாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுங்கள். "நல்லாத்தானே நடக்கேன், எதுக்கு வரணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இவரிடம் ஸ்டிக்கரும் இல்லை, குறிப்பும் இல்லை. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் பழைய ஃபைல் கிடைக்காது என்றுவிட்டார்கள். எந்தக் கம்பெனித் தண்டு, அதன் கழுத்துக்கு எந்தப் பந்து பொருந்தும் என்று தெரியாமலே திறந்தோம். பந்தையும் லைனரையும் மட்டும் மாற்றி முடிய வேண்டியது, அசையாமல் உறுதியாக இருந்த தண்டையும் தொடை எலும்பைப் பிளந்து எடுக்க வேண்டியதாயிற்று, ஐந்து மணி நேரம். டிஸ்சார்ஜ் அன்று புது ஸ்டிக்கரை அவர் மனைவி கையில் கொடுத்தேன். ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்து, அதற்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டார்.