பின்பாட்டு

'பேக்கிங் வோக்கல்ஸ்' என்பதைத் தமிழில் பலரும் 'பின்னணிப் பாடல்' என்றும், அதைப் பாடுபவரைப் 'பின்னணிப் பாடகி' என்றும் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. திரையில் ஒருவர் வாயசைக்க, மறைவில் நின்று முழுப்பாட்டையும் பாடுபவர்தான் நமக்குப் பின்னணிப் பாடகி. பி.சுசீலாவைச் சொல்வது அப்படித்தான். மேற்கத்திய மேடையில் நடப்பது வேறு. அங்கே முதன்மைப் பாடகி பாட்டைக் கொண்டுபோக, இரண்டு மூன்று பேர் அவர் வரிக்குப் பதில் கொடுப்பார்கள், அவர் சுரத்தோடு வேறு சுரங்களை அடுக்குவார்கள், மூச்சு வாங்கும் இடத்தை நிரப்புவார்கள்.

'பேக்' என்றால் முதுகு, பின்புறம். பின்னால் நின்று தாங்குவது என்ற பொருள் அதிலிருந்து வந்தது. நம் ஸ்டூடியோக்களில் வழங்கும் 'கோரஸ்', பழைய கிரேக்க நாடகத்தில் ஆடிப்பாடிய குழுவின் பெயர். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எல்லோரும் ஒன்றாகப் பாடினாலும் கோரஸ்தான் என்பதால் அந்தச் சொல்லும் முழுதாகப் பொருந்தவில்லை.

தமிழில் இதற்குப் 'பின்பாட்டு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. தெருக்கூத்தில் வேடக்காரர் பாடிய அடியைப் பின்னால் இருப்பவர்கள் வாங்கிப் பாடுவது பின்பாட்டு. கதாகாலட்சேபத்திலும் பாகவதருக்குப் பின்பாட்டு உண்டு. 'அவன் சொல்வதற்கெல்லாம் இவன் பின்பாட்டு' என்று பேச்சில் இளக்காரமாக வருவதால் சிலர் தயங்கி, 'துணைக்குரல்' என்கிறார்கள். அதுவும் நல்ல சொல்தான். ஆனால் மேடையில் புழங்கிய சொல்லை ஒரு கேலிக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பின்பாட்டு வெறும் எதிரொலி இல்லை என்பதற்கு அமெரிக்காவின் 'ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ்' குழுவைக் கேட்டால் போதும். சிஸ்ஸி ஹூஸ்டன், எஸ்டெல் பிரவுன், சில்வியா ஷெம்வெல், மைர்னா ஸ்மித் என்று நான்கு பெண்கள். சிஸ்ஸி, பின்னாளில் புகழ்பெற்ற விட்னி ஹூஸ்டனின் தாய். தேவாலயத்தில் குடும்பத்தோடு பாடி வளர்ந்தவர். 1968இல் வந்த, அமெரிக்கப் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளினின் 'எயின்ட் நோ வே' பாட்டைக் கேளுங்கள். அரேத்தா உருகிக்கொண்டிருக்க, அவருக்கு மேலே சொல்லே இல்லாத ஒரு குரல் உச்ச ஸ்தாயியில் தனியாக எழும்பி நிற்கும். அது சிஸ்ஸி. அந்தக் குரலை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி போய்விடும்.

பாடகர் வேன் மாரிசனின் 'பிரவுன் ஐட் கேர்ள்' பாட்டில் கேட்கும் பின்பாட்டும் இவர்களுடையதுதான். அட்லான்டிக் இசைத்தட்டு நிறுவனம் 1967இல் குழுவின் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டது. மறு ஆண்டு 'ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்' என்ற பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 18ஆம் இடம்வரை போனது. 'ரெக்கார்டிங் ஆர்ட்டிஸ்ட்' என்று சொல்வது இந்த நிலையைத்தான்: சொந்த ஒப்பந்தம், தட்டின் மேல் சொந்தப் பெயர். தமிழில் 'இசைத்தட்டுக் கலைஞர்' எனலாம்.

அந்தப் பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 'பிளாசம்ஸ்' என்ற இன்னொரு பின்பாட்டுக் குழுவுக்குத் தெரியும். 1962இல் டார்லீன் லவ் முன்னின்று பாட, அந்தக் குழு லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்த 'ஹீ இஸ் எ ரெபல்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தட்டில் அச்சாகியிருந்ததோ 'கிறிஸ்டல்ஸ்' என்ற வேறு குழுவின் பெயர். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் செய்த வேலை அது. பாடியவர்களுக்குச் செய்த அநியாயம் என்றே நான் சொல்வேன்.

ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ் தட்டு வெளியிட்ட பிறகும் பின்பாட்டை விடவில்லை. 1969இல் லாஸ் வேகஸில் எல்விஸ் பிரெஸ்லியோடு மேடையேறினார்கள். அந்த ஆண்டே சிஸ்ஸி விலகினாலும், மற்றவர்கள் 1977இல் எல்விஸ் இறக்கும்வரை அவரோடு பாடினார்கள். ஆகவே இவர்களைப் பற்றி எழுதும்போது 'பின்பாட்டுக் குழுவாக இருந்து இசைத்தட்டுக் கலைஞர்களானவர்கள்' என்பதைவிட, 'பின்பாட்டுக் குழு, இசைத்தட்டுக் கலைஞர்கள்' என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவது சரி.