லண்டன் எல்எல்பி முடித்துவிட்டேன் சேர், கோட்டு எப்போது போடலாம்?

போன மாதம் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வயது 44, அரச உத்தியோகம். பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து சான்றிதழை இரண்டு கையாலும் எடுத்து மேசையில் வைத்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் எல்எல்பி என்ற சட்டப் பட்டம். பிள்ளைகள் படுத்த பிறகு ஆறு வருடம் இரவில் இருந்து படித்தது. கடைசி வருடப் பரீட்சைக் கட்டணத்துக்கு மனைவியின் காப்பு வங்கியில் ஈடு. "சேர், உங்களிட்ட ஜூனியராச் சேரலாமா? கோட்டு எப்ப போடலாம்?"

இந்த வருடத்தில் இதே கேள்வியோடு, சட்டத்தரணியான என் மட்டக்களப்பு அலுவலகப் படியேறிய நான்காவது ஆள் அவர். அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கோபமாகவே.

பட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம் வெளிவாரியாகப் பட்டம் கொடுக்கிறது, கடினமான படிப்பு. பிழை, பட்டத்தையும் தொழில் செய்யும் உரிமையையும் ஒன்றாக நினைப்பதில் இருக்கிறது. சேர்த்துவிட்ட முகவர் "யூகே ரெகக்னைஸ்ட்" என்றாராம். எதற்கு ரெகக்னைஸ்ட் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வரும் பிள்ளை அடுத்த நாளே ஆஸ்பத்திரியில் ஊசி போடுமா? இலங்கை மருத்துவ சபையின் பரீட்சை எழுத வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சட்டம் என்று வந்தால் மட்டும் அந்த அறிவு எங்கே போகிறதோ! இந்த நாட்டில் ஒருவரைச் சட்டத்தரணியாக ஏற்பது உயர் நீதிமன்றம், 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் கீழ். அதற்கான வழி கொழும்பு புதுக்கடையில் உள்ள சட்டக் கல்லூரி. அங்கே அனுமதி, பரீட்சை, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி, பிறகு சத்தியப்பிரமாணம். பட்டம் அந்த வரிசையில் நிற்கத் தகுதி தரலாம், வரிசையைத் தாண்டிப் போக விடாது. வெளிநாட்டுப் பட்டதாரிக்கு எந்தப் பாடத்தில் விலக்கு, எதில் இல்லை என்பதைச் சட்டக் கல்லூரிதான் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பட்டத்தை அங்கீகரித்துத் தரும் கடிதம் பதவி உயர்வுக்கு உதவலாம். நீதிமன்றத்துக்குள் அது செல்லாது.

இன்னொன்று. லண்டன் பாடத்தில் இருப்பது இங்கிலாந்தின் காணிச் சட்டம். நம்மூர் வழக்குக் கட்டைத் திறந்தால் ரோமன் டச்சுச் சட்டம், பங்கு பிரிப்பு, அம்பாறைப் பக்கம் போனால் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. மட்டக்களப்பின் பழைய வழமைச் சட்டமான முக்குவர் சட்டம் வழக்கொழிந்துவிட்டது, சரி. மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதும் பழக்கம் ஒழியவில்லையே. இதையெல்லாம் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

"அப்ப நான் லண்டன் சொலிசிட்டராகவே ஆகிறேன்" என்பவர்களும் உண்டு. ஆகலாம். 2021இலிருந்து அங்கே எஸ்கியூஈ என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு. முதற்கட்டத்தில் 360 கேள்விகள். இரண்டு கட்டத்துக்கும் கட்டணம் மட்டும் 4,500 பவுண்டுக்கு மேல். இரண்டாம் கட்டத்தின் வாய்மொழிப் பகுதிக்கு இங்கிலாந்து அல்லது வேல்ஸுக்குப் போக வேண்டும். அப்புறம் முழுநேரக் கணக்கில் இரண்டு வருட வேலை அனுபவம், அதை உறுதிப்படுத்த இங்கிலாந்துச் சொலிசிட்டர் ஒருவர். மட்டக்களப்பில் அவரை எங்கே தேடுவது? முகவர் காட்டிய பளபளப்பான தாளில் இது ஒரு வரிகூட இல்லை.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் சொன்னார் என்று தொடங்கியவர்களுக்கும் இதே கதை. அங்கே வெளிநாட்டுச் சட்டப் படிப்பை மதிப்பிடும் குழு, எத்தனை வருடம் வகுப்பறையில் இருந்து படித்தீர்கள் என்று பார்க்கும். இந்தியாவில் தபால் வழியில் படிக்கும் பி.ஜி.எல். என்ற பொதுச் சட்டப் பட்டத்தோடு வழக்கறிஞராகப் பதிய முடியாது. ஊர்ப் பெயரை மாற்றினால் விதியும் மாறும்.

பட்டம் வந்த உற்சாகத்தில் "சட்ட ஆலோசகர்" என்று கடிதத்தாள் அடித்து, அயலவருக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்த ஒருவரையும் பார்த்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்கும் உறுதி, உறுதி எழுத அதிகாரம் பெற்ற நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் இருக்கும்போது ஒப்பமிடப்பட வேண்டும். இல்லையென்றால் அது வெறும் தாள். காணியை வாங்கிய அந்த அக்கா என் முன்னால் இருந்துதான் அழுதார்.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கியில், தொண்டு நிறுவனத்தில், மனித உரிமை வேலையில் இருப்பவர்களுக்கு லண்டன் பட்டமோ தொலைக்கல்வியில் எல்எல்எம் என்ற சட்ட முதுமாணியோ நல்ல பலன் தரும். கறுப்புக் கோட்டுத்தான் வேண்டுமென்றால் முதலில் திறந்த பல்கலைக்கழகத்தின் எல்எல்பியை விசாரியுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், மட்டக்களப்பிலேயே பிராந்திய நிலையம் உண்டு. எந்த நாட்டில், எந்த நீதிமன்றத்தில் நிற்கப் போகிறீர்கள் என்று முடிவெடுத்து, அந்த இடத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைத் தாளில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில்லை. சட்டக் கல்லூரிக்குக் கொழும்பில் இருக்க வேண்டி வந்தால் லீவு கிடைக்குமா என்று, அரச உத்தியோகத்தருக்கான விதிகள் உள்ள தாபனக் கோவையைப் புரட்டிப் பாருங்கள். காப்பை ஈடு வைப்பது அதற்குப் பிறகு.

களுவாஞ்சிகுடிக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு தாள் கேட்டு, சட்டக் கல்லூரிக்கான கடிதத்தை என் கிளாக்கரின் மேசையிலேயே இருந்து எழுதினார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பதிவுத் தபாலில் போட்டிருக்கிறார்; பதில் இன்னும் வரவில்லை.