தாடை எலும்பு வீக்கமும் அரசு உதவியும்: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் எங்கள் வரிசை வீடுகளில் இருக்கும் ஒரு அக்கா ஒரே வருஷத்தில் மூன்று பல் பிடுங்கினார். கீழ்த்தாடையில் வலது பக்கம் வீக்கம், வலி இல்லை, பல் மட்டும் ஆடியது. தனியார் கிளினிக்கில் பிடுங்கி மாத்திரை கொடுத்தார்கள், அடுத்த பல் ஆடியது, அதையும் பிடுங்கினார்கள். முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் எடுத்தபோது எலும்புக்குள் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக இருந்தது. அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி. பெரும்பாலும் புற்றாக மாறாது, ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே வளரும், எலும்போடு சேர்த்து வெட்டி எடுக்காவிட்டால் பல நேரம் திரும்பி வரும்.

தாடையில் ஒரு பகுதி போனது. வெட்டிய இடத்தில் வைக்கும் டைட்டானியம் தகட்டுக்குத் தம்பியிடம் கடன் வாங்கிப் பணம் கட்டினார். மருத்துவ உதவி நிதி என்று ஒன்று இருப்பது அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. ரசீதோடு போய் நின்றவருக்குக் கிடைத்த பதில், "சுடா பாயார், காக்". பணம் கட்டியாச்சே, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அர்த்தம். இதை இரண்டு நாள் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு அந்தக் கடன் இல்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் நோயைக் கண்டுகொள்வது. கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போனால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். பல் கெடாமலே ஆடுவது, நேற்றுவரை சரியாக உட்கார்ந்த பல்செட் இன்று பொருந்தாமல் போவது, பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல் கிடப்பது, ஈறில் எலும்பு வெளியே தெரிவது, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண், எல்லாமே எலும்பைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள். வெற்றிலை பாக்கு போடும் பாட்டிகள் வீட்டில் இருந்தால் வலிக்குதா என்று கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம்தான் கூடுதலாக வருகிறது, ஈறில் தொடங்கினால் தாடை எலும்புக்குள் சீக்கிரம் இறங்கிவிடும்.

சரி, எங்கே போவது? நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள், கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க சுகாதார கிளினிக்கில் பல் பிரிவு இருக்கிறது, அங்கேதான் தொடங்க வேண்டும். அலைச்சலும் அங்கேதான் தொடங்குகிறது. பொது டாக்டர் "பல் பக்கம் போங்கள்" என்பார், பல் கவுண்டரில் "வலி இல்லையா, அப்ப அப்பாய்ன்மென்ட் எடுத்துக்கொண்டு வாங்க" என்பார்கள். அந்த இடத்தில் "சாக்கிட் கிகி" என்று சொல்லாதீர்கள், பல்வலி வரிசையில் போட்டுவிடுவார்கள். "தூலாங் ராஹாங் பெங்காக்", தாடை எலும்பு வீங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள். எத்தனை வாரம், உதடு மரத்திருக்கிறதா, எத்தனை பல் ஆடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதெல்லாம் பரிந்துரைக் கடிதத்தில் ஏற வேண்டும். வெறுமனே வீக்கம் என்று ஒரு வரி எழுதிய கடிதத்துக்கு எப்போதோ ஒரு தேதிதான் கிடைக்கும். கடிதத்தைக் கையில் வாங்கியதும் வாசித்துப் பாருங்கள், விட்டுப்போனதை எழுதச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

அந்தக் கடிதம் வாய், முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பினாங்கில் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி, கடலுக்கு இந்தப் பக்கம் என்றால் செபராங் ஜெயா, கோலாலம்பூரில் எச்.கே.எல். என்ற கோலாலம்பூர் ஆஸ்பத்திரி. குடிமக்களுக்கு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. தனியார் டாக்டர் கடிதத்தோடு போனால் முதல் தடவை 30 வெள்ளி, அதுவும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் தனியாரில் ஸ்கேனுக்கும் அறைக்கும் கையில் இருந்ததை எல்லாம் செலவழித்துவிட்டு அப்புறம் அரசாங்கத்துக்கு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தனியாரில் எடுத்த எக்ஸ்ரே, திசுப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதே சோதனை திரும்ப நடக்கும், வாரங்கள் போகும். கத்தி பட்டால் கட்டி பரவும் என்று பயந்து திசு எடுக்க மறுக்காதீர்கள், அந்த அறிக்கை இல்லாமல் சிகிச்சையும் நகராது, கீழே சொல்லும் எந்த உதவியும் நகராது.

தேதி தூரமாக இருக்கும்போது காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் தேதியைப் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்காமல் பல் பிடுங்கித்தான் பல பேர் கஷ்டப்படுகிறார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருஷம் ஒரு சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி போடுகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. எலும்புக்குப் பரவிய புற்றுக்கு இதே ஊசிகளை இன்னும் அடிக்கடி, கூடுதல் அளவில் கொடுக்கிறார்கள், ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு செத்துப்போகலாம். எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால் இந்த மருந்தால் வந்ததா என்று பார்ப்பார்கள். பிரஷர், சக்கரை மாத்திரையைச் சொல்கிறவர்கள் இந்த ஊசியைச் சொல்வதில்லை, ஆறு மாதத்துக்கு ஒன்று என்பதால் மறந்தே போய்விடுகிறது. பல் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். அதற்காக ஊசியை நீங்களாக நிறுத்தவும் கூடாது, டெனோசுமாப்பைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு முறிகிற ஆபத்து இருக்கிறது. கழுத்துக்கோ வாய்க்கோ கதிர்வீச்சு எடுத்தவர்கள் பத்து வருஷம் ஆனாலும் சாதாரண கிளினிக்கில் பல் பிடுங்கக் கூடாது, அறுவை சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும்.

இனி பணம். தகடு மாதிரி ஆஸ்பத்திரி தராத பொருளுக்குத்தான் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, தாபோங் பந்துவான் பெருபாத்தான். அரசாங்க ஆஸ்பத்திரி நோயாளியாக இருக்க வேண்டும், வருமானம் பார்ப்பார்கள். நீங்களே பாரம் நிரப்பிக் கொடுக்க முடியாது. டாக்டர் உங்களை ஆஸ்பத்திரியின் சமூகப்பணிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள்தான் விண்ணப்பிப்பார்கள். அதனால் "தகடு வாங்கணும்" என்ற வார்த்தை டாக்டர் வாயில் வந்த அந்த நிமிஷமே கெர்ஜா சோசியல், அதாவது அந்தச் சமூகப்பணிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். விற்பனைக்காரர் கொடுக்கும் விலைத்தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை, மின்சார பில், வேலை செய்யும் பிள்ளைகளின் வருமானம், எல்லாம் கேட்பார்கள். ஒரு தாள் குறைந்தால் இன்னொரு நாள் லீவு போட்டு வர வேண்டியிருக்கும். நோயாளியை இப்படி நடக்க வைப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பீகா பி40 வேறு, அது குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்க சுகாதாரத் திட்டம். 40 வயது ஆகியிருக்க வேண்டும், நீங்களோ கணவன் மனைவியில் ஒருவரோ எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறுபவராக இருக்க வேண்டும். எஸ்.டி.ஆர். அறுந்தால் இதுவும் அறுந்துவிடும், சம்பளம் குறைவு என்று மட்டும் சொன்னால் எடுபடாது. புற்று என்று உறுதியானால் சிகிச்சையை முடிக்க மொத்தம் 1,000 வெள்ளி ஊக்கத்தொகை, தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை. அக்காவுக்கு வந்த கட்டி புற்று இல்லை, அதனால் தாடையில் ஒரு பகுதி போயும் அவருக்கு இது இல்லை. அறிக்கையில் நோயின் பெயர் என்ன என்பதை முதலில் பாருங்கள்.

இ.பி.எஃப். என்ற தொழிலாளர் சேமநிதியிலும் அப்படித்தான். அதில் அக்காவுன் செஜாத்தரா என்ற கணக்கில் இருந்து மருத்துவத்துக்குப் பணம் எடுக்கலாம், பெற்றோருக்காகப் பிள்ளைகளும் எடுக்கலாம், ஆனால் அவர்களுடைய நோய்ப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். டாக்டர் கடிதத்தில் "தாடை அறுவை சிகிச்சை" என்று பொதுவாக எழுதினால் திரும்பி வரும்.

வேலை செய்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பேச முடியவில்லை, சாப்பிட முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருஷம் கழித்து சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இயலாமை ஓய்வூதியம் கேட்டுப் போகிறார்கள். முழுத் தகுதிக்கு ஒரு வழி, விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருப்பது. வீட்டில் உட்கார்ந்த ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில் குறைகிறது. வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எம்.சி. (மருத்துவ விடுப்பு) தாள்களையும் திசு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போய் உங்கள் பெயரில் எத்தனை மாதம் கட்டியிருக்கிறது என்று கேட்டு, அந்தத் தாளை அச்சடித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.